மெஜூல் கன்றும் மண்டரின் கிளையும்: பழமரத்துக்கு உரிமையாளர் யார்?

நோன்பு காலம் வந்துவிட்டால் நமது வீடுகளில் பேரீத்தம்பழம் பற்றிய பேச்சும் வந்துவிடும். எந்த நாட்டுப் பழம், எந்தக் கம்பனி, பெட்டியின் அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று திருப்பிப் பார்த்துத்தான் பலரும் இப்போது வாங்குகிறார்கள். அது நல்ல பழக்கம். ஆனால் பெட்டியில் எழுதப்படாத ஒரு விடயமும் உண்டு. பழம் விளைந்த காணிக்கு ஒரு சொந்தக்காரர் இருப்பது போல, அந்தப் பழத்தின் இனத்துக்கும் இன்று ஒரு சொந்தக்காரர் இருக்க முடியும். காணியை நீங்கள் விலைக்கு வாங்கலாம், கன்றையும் வாங்கலாம். அந்தக் கன்றிலிருந்து ஒரு கிளையை வெட்டி அடுத்த மரத்தில் ஒட்டுவதற்கு மட்டும் இன்னொருவரின் அனுமதி தேவைப்படலாம்.

இது நமக்குத் தூரத்து விடயமல்ல. புதிய தாவர இனங்களுக்கு உரிமை வழங்கும் சட்டமொன்று பற்றி இலங்கையில் இருபது வருடங்களுக்கு மேலாகப் பேசப்பட்டு வருகிறது. எந்த வடிவத்தில் அது வரும் என்பதில் பழத்தோட்டக்காரரின் கையிலிருக்கும் ஒட்டுக் கத்தியின் எதிர்காலம் இருக்கிறது. நமது சமூகத்தில் இது பற்றி யாரும் பேசுவதை நான் காணவில்லை. ஆகவே முதலில் விடயத்தை விளக்கி, பிறகு என் கருத்தையும் சொல்கிறேன்.

மல்வானையிலிருந்து தொடங்குவோம். களனி கங்கைக் கரையிலுள்ள அந்த ஊரின் பெயரைச் சொன்னாலே ரம்புட்டான்தான் நினைவுக்கு வரும். விவசாயத் திணைக்களம் பரிந்துரைக்கும் இனங்களில் ஒன்றுக்கு 'மல்வானை ஸ்பெஷல்' என்றே பெயர். நல்ல ரம்புட்டான் ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு அதன் கொட்டையை வளவில் போட்டால் என்ன நடக்கும்? மரம் வரும். ஆனால் கொட்டையிலிருந்து வரும் மரங்களில் கணிசமானவை ஆண் மரங்கள், அவை பூக்கும், காய்க்காது. காய்ப்பவையும் தாய் மரத்தின் பழத்தைத் தருமென்று உறுதியில்லை. புளிப்பாக இருக்கலாம், சதை கொட்டையில் ஒட்டியிருக்கலாம். இதனால்தான் நல்ல மரத்திலிருந்து அரும்பு எடுத்து ஒட்டுகிறார்கள். ஒட்டுக்கன்று தாய் மரத்தின் அச்சு அசலான பிரதி.

மாம்பழம், தோடை, அப்பிள், திராட்சை எல்லாவற்றிலும் பொதுவாக இதே கதைதான். பேரீச்சையில் ஒட்டுவதில்லை, தாய் மரத்தின் அடியில் முளைக்கும் பக்கக் கன்றைப் பிரித்து நடுகிறார்கள். அடிப்படை ஒன்றே. உலகில் எங்கு மெஜூல் மரத்தைக் கண்டாலும் அது எங்கோ ஒரு காலத்தில் நின்ற ஒரு மரத்தின் நீட்சி.

இங்கேதான் பணப் பிரச்சினை தொடங்குகிறது. ஒரு நல்ல பழ இனத்தை உருவாக்குவது மிகக் கடினம், அதைப் பிரதி பண்ணுவது மிக எளிது. வொஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகம் 'கொஸ்மிக் கிறிஸ்ப்' அப்பிளுக்கான கலப்பை 1997 இல் செய்தது. பழம் கடைக்கு வந்தது 2019 டிசம்பரில். 22 வருடங்கள்! அத்தனை காலம் ஆயிரக்கணக்கான கன்றுகளை வளர்த்து, ருசி பார்த்து, வெட்டி எறிந்து, ஒன்றை மட்டும் தெரிந்தெடுக்கிறார்கள். அதன் பிறகு ஒருவர் வேலிக்கு மேலால் கையை நீட்டி ஒரு சிறு கிளையை ஒடித்துக்கொண்டு போனால், அந்த 22 வருட உழைப்பு முழுவதும் அவர் பைக்குள் போய்விடும்.

சட்டம் இல்லாத காலத்தில் இதற்கு என்ன செய்தார்கள் என்பதற்கு ஒரு வேடிக்கையான உதாரணம் உண்டு. 1914 இல் அமெரிக்காவின் ஸ்டார்க் பிரதர்ஸ் என்ற கன்று விற்பனைக் கம்பனி, மேற்கு வேர்ஜீனியாவில் ஒரு தோட்டத்தில் தானாக முளைத்திருந்த ஓர் அப்பிள் மரத்தை 5,000 டொலருக்கு வாங்கியது. பிறகு அந்த மரத்தைச் சுற்றிக் கூண்டு கட்டி, திருடர் வந்தால் ஒலிக்கும் அலாரமும் பொருத்தியது. இன்று உலகமெங்கும் விற்கப்படும் கோல்டன் டிலிஷஸ் அப்பிளின் தாய் மரம் அதுதான். ஆனால் முதல் கன்றை விற்றவுடனேயே வாங்கியவரிடமும் அதே மரம் இருக்குமல்லவா? கூண்டு எத்தனை நாளைக்குத் தாங்கும்?

1930 இல் அமெரிக்கா தாவர ஆக்கவுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பேட்டன்ட் என்று நாம் சாதாரணமாகச் சொல்வது இந்த ஆக்கவுரிமையைத்தான். தோமஸ் எடிசன் போன்றவர்கள் அந்தச் சட்டத்தை ஆதரித்தார்கள். விதையால் அல்லாமல் கிளை, அரும்பு போன்றவற்றால் பெருக்கப்படும் புதிய இனங்களுக்கு அது பொருந்தும். உருளைக்கிழங்கு போன்ற கிழங்குகளுக்குப் பொருந்தாது. முதல் உரிமை 1931 இல் கிடைத்தது ஒரு ரோஜாவுக்கு.

ஐரோப்பா வேறு வழியில் சென்றது. 1961 இல் பாரிஸில் கைச்சாத்திடப்பட்ட யுபோவ் உடன்படிக்கை 'இனவிருத்தியாளர் உரிமை' என்ற தனியான உரிமையை உருவாக்கியது. இனம் புதியதாக இருக்க வேண்டும், ஏனைய இனங்களிலிருந்து வேறுபட வேண்டும், மரத்துக்கு மரம் ஒரே சீராக இருக்க வேண்டும், தலைமுறைக்குத் தலைமுறை மாறாதிருக்க வேண்டும். 1991 இல் திருத்தப்பட்ட உடன்படிக்கையின்படி மரங்களுக்கும் கொடிகளுக்கும் குறைந்தது 25 வருட உரிமை.

காலம் முடிந்தால் உரிமையும் முடியும். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் 'ஹனிகிறிஸ்ப்' அப்பிளின் அமெரிக்க ஆக்கவுரிமை 2008 இல் முடிந்தது, இன்று அங்கே யாரும் அதை ஒட்டலாம். அதில் பாடம் படித்த கம்பனிகள் இப்போது மரத்துக்கு ஒரு பெயரும் பழத்துக்கு இன்னொரு பெயரும் வைக்கின்றன. கொஸ்மிக் கிறிஸ்ப் என்பது வியாபாரக் குறி மட்டுமே. மரத்தின் இனப்பெயர் 'டபிள்யூ ஏ 38'. மரத்தின் உரிமை ஒருநாள் காலாவதியாகும். வியாபாரக் குறியைப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். மரம் பொதுச்சொத்தான பிறகும் பழத்தை அந்தப் பெயரில் விற்க முடியாது.

இனி மொரோக்கோவுக்கு வருவோம். ஒரே முஸ்லிம் நாட்டிலிருந்து இரண்டு பழங்கள் உலகத்துக்குப் போயின, ஒன்று சட்டத்துக்கு முன், மற்றது சட்டத்துக்குப் பின்.

முதலாவது மெஜூல். மொரோக்கோவின் ஈச்சந்தோப்புகளை 'பயூத்' என்ற பூஞ்சண நோய் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே அழித்து வந்தது. நூறு வருடங்களில் மில்லியன் கணக்கான மரங்கள் செத்தன. மெஜூல் இந்த நோய்க்கு இலகுவில் பலியாகும் இனம். 1927 இல் அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் விஞ்ஞானி வோல்டர் ஸ்விங்கிள் நோயை ஆராய அங்கு சென்றார். பூதனிப் என்ற பாலைவனச் சோலையில் நோயற்ற ஒரு மரத்தின் 11 பக்கக் கன்றுகளைப் பெற்று அமெரிக்காவுக்கு அனுப்பினார். அவை நெவாடா மாநிலத்தில், வேறு ஈச்சமரம் எதுவும் அருகில் இல்லாத இடத்தில் பல வருடங்கள் தனிமைப்படுத்தி வளர்க்கப்பட்டன. 9 கன்றுகள் பிழைத்தன. கலிபோர்னியா, அரிசோனா தோட்டங்கள் அந்த ஒன்பதிலிருந்து பெருகியவை. பிற்காலத்தில் கலிபோர்னியாவிலிருந்து கன்றுகள் இஸ்ரேலுக்கும் போயின. நாம் பெட்டியைத் திருப்பிப் பார்த்துத் தவிர்க்கும் அந்த மெஜூலின் பூர்வீகமும் ஒரு முஸ்லிம் விவசாயியின் தோப்புத்தான்.

இதைத் திருட்டு என்று சொல்ல நான் தயாரில்லை. அந்தக் கன்றுகள் வெளிப்படையாகப் பெறப்பட்டவை. அன்று சட்டம் இருந்திருந்தாலும் மெஜூலுக்கு உரிமை கிடைத்திருக்காது, ஏனென்றால் அது நூற்றாண்டுகளாக எல்லோரும் அறிந்த பழைய இனம். பல தலைமுறை விவசாயிகள் தெரிந்தெடுத்துக் காத்த இனங்களுக்கு இந்தச் சட்டங்களில் இடமில்லை என்பதுதான் அதிலுள்ள அநீதி. ஓர் ஆய்வுகூடம் 20 வருடம் உழைத்தால் அது உரிமை. ஒரு சமூகம் பல நூறு வருடம் உழைத்தால் அது 'பொதுச்சொத்து'.

இரண்டாவது பழம் மண்டரின். இலகுவில் தோல் உரியும், கொட்டையில்லாத வகை. 1982 இல் மொரோக்கோவின் அஃபூரர் என்ற இடத்திலுள்ள ஆராய்ச்சி நிலையத்தில், 'மெர்கொட்' என்ற இனத்தின் கொட்டையிலிருந்து முளைத்த மரங்களுக்கிடையே ஒரு சிறந்த மரம் இனங்காணப்பட்டது. கண்டறிந்த எல் பஷீர் நாதோரி அவர்களின் பெயரையும் தாய் இனத்தின் பெயரையும் சேர்த்து அதற்கு 'நடோர்கொட்' என்று பெயரிட்டார்கள். இம்முறை மொரோக்கோ தரப்பு கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. 1995 இல் ஐரோப்பாவில் விண்ணப்பித்தார்கள், 1998 இல் அமெரிக்க ஆக்கவுரிமை கிடைத்தது, ஐரோப்பிய உரிமை 2004 இல் கிடைத்தது. ஐரோப்பாவில் அனுமதியோடு இந்த மரத்தை நடுபவர்கள் அதற்கு உரிமைப்பணம் கட்டுகிறார்கள்.

இருந்தும் கதை நேராகப் போகவில்லை. உரிமை எடுப்பதற்கு முன்பே, 1985 இல், இதன் கிளைகள் கலிபோர்னியாவுக்குப் போய்விட்டிருந்தன. அங்கே அதற்கு 'டபிள்யூ மெர்கொட்' என்று பெயர். இந்த மரத்தில் ஒரு குறையும் உண்டு. அருகில் வேறு தோடை இனம் இருந்து தேனீக்கள் அதன் மகரந்தத்தைக் கொண்டுவந்தால் பழத்தில் கொட்டை வந்துவிடும். பூக்கும் காலத்தில் மரங்களுக்கு மேலே வலை போட்டுத் தேனீயைத் தடுக்கும் தோட்டங்களும் இருக்கின்றன. கலிபோர்னியாவின் ரிவர்சைட் பல்கலைக்கழகம் இந்த இனத்தின் அரும்புகளைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி, தேனீ வந்தாலும் கொட்டை வராத 'டாங்கோ' என்ற இனத்தை 2006 இல் வெளியிட்டது. டாங்கோ தனி இனமா, நடோர்கொட்டின் வழித்தோன்றலா என்று ஸ்பெயினில் வழக்காடினார்கள். ஓர் அரும்பில் ஏற்பட்ட சிறு மாற்றத்துக்காக!

இன்னொரு வழக்கு நமக்கு இன்னும் முக்கியம். உரிமை கோரி விண்ணப்பம் போடப்பட்டு, அது இறுதியாவதற்கு இடைப்பட்ட காலத்தில், ஸ்பெயினின் ஒரு விவசாயி யாரும் போய் வாங்கக்கூடிய ஒரு நாற்றுமேடையில் காசு கொடுத்து நடோர்கொட் கன்றுகளை வாங்கி நட்டார். 4,000 க்கும் மேற்பட்ட மரங்கள். பிறகு உரிமையைக் கண்காணிக்கும் அமைப்பு அவர் மீது வழக்குப் போட்டது. ஐரோப்பிய நீதிமன்றம் 2019 டிசம்பரில் தீர்ப்பளித்தது. கன்றைப் பெருக்குவதற்குத்தான் அனுமதி வேண்டும், வாங்கிய மரத்தை நட்டுப் பழம் பறிப்பது பெருக்குவதாகாது, அந்த இடைக்காலத்தில் நாற்றுமேடை விற்ற கன்றுகளின் பழத்தை அனுமதியின்றிப் பெற்ற பழமாகக் கருத முடியாது என்பதே அதன் சாரம். விவசாயிக்குச் சாதகமான தீர்ப்புத்தான். ஆனால் ஐரோப்பாவின் உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் தன் தோட்டத்துப் பழத்தைத் தான் பறிக்கலாம் என்று உறுதிப்படுத்த வேண்டியிருந்தது. எங்கள் ஊர் விவசாயிகளில் எத்தனை பேரால் அது முடியும்?

மார்க்கம் இதில் என்ன சொல்கிறது என்று சிலர் கேட்கலாம். நான் ஆலிம் அல்ல, அறிந்ததை மட்டும் சொல்கிறேன். 1988 இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அக்கடமி, வியாபாரப் பெயர், வியாபாரக் குறி, நூலாக்கம், கண்டுபிடிப்பு ஆகியவற்றின் உரிமைகள் பெறுமதியுள்ளவை, ஷரீஆவால் பாதுகாக்கப்பட்டவை, அவற்றை மீறக்கூடாது என்று தீர்மானித்தது. ஆகவே உழைத்தவனுக்குக் கூலி கொடுக்காமல் அவனது இனத்தைக் கள்ளமாகப் பெருக்கி விற்பதை நாம் இலேசாக எடுக்க முடியாது. ஆனால் அத்தீர்மானம் தாவரங்களைத் தனியாகப் பேசவில்லை. தண்ணீர், புல், நெருப்பு மூன்றிலும் மக்கள் பங்காளிகள் என்ற கருத்தில் வரும் ஹதீஸும் நம்மிடம் இருக்கிறது. பெருகுவதற்கான ஆற்றலை மரத்துக்குள் வைத்தவன் அல்லாஹ். மனிதன் செய்தது தெரிவும் கலப்பும். தெரிவுக்கும் கலப்புக்கும் கூலி கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். அந்தக் கூலி பெருக்கத்தின் மீது முழு ஆதிக்கமாக மாறுவது வேறு விடயம். ஜம்இய்யத்துல் உலமாவின் ஃபத்வாக் குழு இந்த எல்லையை ஆராய்ந்து எழுதினால் பயனுள்ளதாக இருக்கும்.

இலங்கையின் நிலை என்ன? 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் தாவரங்களை ஆக்கவுரிமைக்கு வெளியே வைத்திருக்கிறது. அதே வருடத்தின் விதைச் சட்டம் விதைகளினதும் கன்றுகளினதும் தரத்தைப் பற்றியது, உரிமையைப் பற்றியதல்ல. ஆனால் உலக வர்த்தக அமைப்பின் ட்ரிப்ஸ் உடன்படிக்கைப்படி, தாவரங்களுக்கு ஆக்கவுரிமை கொடுக்காத நாடு தாவர இனங்களைப் பாதுகாக்க வேறொரு முறையையாவது வைத்திருக்க வேண்டும். அந்த முறை யுபோவ் முறையாகத்தான் இருக்க வேண்டும் என்று ட்ரிப்ஸ் சொல்லவில்லை. இதைப் பலர் கவனிப்பதில்லை. ஐரோப்பிய நாடுகள் வர்த்தக ஒப்பந்தங்களில் யுபோவ் 1991 ஐக் கேட்பது வழமை. அது அவர்களின் விருப்பம், உலக வர்த்தக அமைப்பின் கட்டளையல்ல.

யுபோவ் 1991 ஐ அப்படியே பிரதி பண்ணினால் பழ விவசாயிக்கு என்ன நடக்கும் என்பதற்கு ஐரோப்பாவே சாட்சி. விவசாயி தன் அறுவடையிலிருந்து விதையைச் சேமித்து மீண்டும் விதைப்பதற்கு அங்கே ஒரு சலுகை உண்டு. அந்தச் சலுகைக்கான பயிர்களின் பட்டியலில் தானியங்கள், உருளைக்கிழங்கு, தீவனப் பயிர்கள், எண்ணெய்ப் பயிர்கள் எல்லாம் இருக்கின்றன. ஒரு பழமரம்கூட இல்லை. வீட்டு வளவில் தன் சொந்தப் பாவனைக்கு ஒட்டலாம். பத்துப் பழத்தைச் சந்தைக்குக் கொண்டுபோகும் தோட்டமென்றால், தன் மரத்தின் கிளையைத் தன் மரத்திலேயே ஒட்டவும் அனுமதி வேண்டும். நெல் விவசாயியைப் பற்றி யோசித்து எழுதப்படும் பாதுகாப்பு மல்வானை ரம்புட்டான்காரருக்கு எந்த உதவியும் செய்யாது.

இந்தியா தன் 2001 ஆம் ஆண்டுச் சட்டத்தில் வேறு பாதையை எடுத்தது. இனவிருத்தியாளருக்கு உரிமை கொடுத்தது, மரங்களுக்கும் கொடிகளுக்கும் 18 வருடம். அதோடு, பாதுகாக்கப்பட்ட இனமாக இருந்தாலும் விவசாயி விதையைச் சேமிக்கலாம், பரிமாறலாம், வர்த்தக முத்திரையிட்டு விற்காத வரை விற்கவும் செய்யலாம் என்று எழுதி வைத்தது. விவசாயிகளின் பாரம்பரிய இனங்களை அவர்களின் பெயரிலேயே பதியவும் வழி செய்தது. 2019 இல் பெப்சிகோ நிறுவனம் தனது உருளைக்கிழங்கு இனத்தை வளர்த்ததாகக் குஜராத் விவசாயிகள் மீது வழக்குப் போட்டு, எதிர்ப்பு எழுந்ததும் வாபஸ் வாங்கியது நினைவிருக்கலாம். விவசாயிகளுக்குப் பக்கபலமாக இருந்தவற்றில் அந்தச் சட்டப் பிரிவும் ஒன்று.

நமது சட்டமும் அந்த வழியில் வர வேண்டும் என்பதே என் கருத்து. ஒரு நிபந்தனையைக் கூடுதலாகச் சேர்ப்பேன்: 'விதை' என்று எழுதும் இடத்திலெல்லாம் கிளை, அரும்பு, பக்கக் கன்று என்பவற்றையும் எழுத வேண்டும். தன் காணிக்குள் தானே ஒட்டும் சிறு விவசாயிக்கு விலக்கு வேண்டும். ஆயிரக்கணக்கில் கன்று பெருக்கி விற்கும் நாற்றுமேடை உரிமைப்பணம் கட்டட்டும், அதில் தவறில்லை. அரச செலவில் ஹொரணைப் பழ ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகும் இனங்கள் மக்களிடமே இருக்கட்டும்.

சட்டம் வரும்வரை காத்திராமல் செய்யக்கூடிய வேலையும் ஒன்று இருக்கிறது. ஏற்கெனவே அறியப்பட்ட இனத்தை யாரும் புதியது என்று பதிய முடியாது என்று சொன்னேன். ஆனால் அறியப்பட்டது என்று காட்ட எழுத்தில் ஆதாரம் வேண்டும். மல்வானை ஸ்பெஷலுக்கும் கறுத்தக்கொழும்பானுக்கும் திணைக்களப் பதிவு இருக்கிறது. வளவுகளில் நிற்கும், ஊரவர் மட்டும் பெயர் சொல்லி அழைக்கும் மரங்களுக்கு? அவற்றின் பெயர், நிற்கும் இடம், பூக்கும் காலம், பழத்தின் படம், யார் எப்போது நட்டது என்பவற்றைப் பள்ளிவாசல் நிர்வாகமோ விவசாயச் சங்கமோ ஒரு கொப்பியில் எழுதி, பிரதேச விவசாயப் போதனாசிரியரிடம் ஒரு பிரதி கொடுக்கலாம். 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் புவியியல் குறியீடுகளைப் பதியவும் இப்போது இலங்கையில் வழி இருக்கிறது. சிலோன் கறுவா அதே வருடம் ஐரோப்பாவில் அப்படிப் பாதுகாப்புப் பெற்றது. அது மரத்தைப் பூட்டாது, ஊரின் பெயரை மட்டும் காக்கும். வேறெங்கோ விளைந்த ரம்புட்டானை வீதியோரத்தில் 'மல்வானை, மல்வானை' என்று கூவி விற்பதைத் தடுக்க அதுவே பொருத்தமான வழி. விண்ணப்பத்துக்கு முதலில் தேவைப்படுவது உற்பத்தியாளர்களின் ஒரு சங்கம்.